பொறி விழும் வேளை

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்கென ஏறத்தாழ 126,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட மோட்டார்ச் சைக்கிள் ஒன்றுண்டு. பி.எஸ்.ஏ. எம் 20 என்பது அதன் பெயர். அவ்வண்டியைப் பழுதுபார்ப்போருக்கான அளவுகளுள், பிஸ்டன் தன் உச்சியை எட்டுவதற்கு 7/16 அங்குலம் முன்னதாகவே பொறி விழுதல் வேண்டும் என்னும் அளவும் ஒன்று. படிப்போர் கண்ணுக்கு இது மிகச் சிறிய செய்தி. ஆயினும் இந்த அரை அங்குலத்திற்கும் குறைந்த தூரத்தை அறிந்துகொள்ள மனிதர் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தனர், அதனை அறியாது பொறிகளைக் கெடுத்தனர், கைகால் முறிந்தனர், ஒரு பேரரசு போரின் வாயிலில் நின்று திகைக்கவும் நேர்ந்தது.

நேயர்களே, பழைய மோட்டார்ச் சைக்கிள்களைத் தேடியெடுத்துப் பழைய கோலத்திலேயே மீண்டும் ஓடச்செய்யும் ஆர்வலர் இன்று பல நாடுகளிலும் உளர்; நம் நாட்டிலும் உளர். துருவை நீக்கி, வர்ணம் பூசி, தாங்கியில் பொன்னிறக் கோடிட்டு, இருக்கைக்குப் புதுத்தோல் தைத்து, வண்டியை மணமகன்போல் நிறுத்திவிடலாம். அது கண்ணுக்கு நிறைவு தரும். ஆனால் வண்டிக்கு உயிர் தருவது, உருளைக்குள் எந்தக் கணத்தில் பொறி விழுகிறது என்பதே. தொழிற்கூடத்தார் இதனை 'ரைமிங்' என்பர். இந்த வேளையைக் கணிக்கும் வித்தை எவ்வாறு பிறந்து வளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே சென்று, பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை அமுக்கி, உச்சியை அடைந்தபின் அன்றோ தீ மூட்டவேண்டும்? அது மேலேறி வரும்பொழுதே மூட்டினால், எதிரே வருபவனை நெஞ்சில் பிடித்துத் தள்ளுவது போலாகாதோ? கேள்வி நியாயமானதே. ஆனால் தீ ஒரு கணத்தில் எங்கும் பற்றுவதில்லை. காய்ந்த ஓலைக் குவியலின் ஓர் ஓரத்தில் வைத்த நெருப்பு மறுவோரம் சென்றடையச் சிறிது நேரம் பிடிப்பதுபோல, பிளக்கின் முனையில் தோன்றிய சுடரும் உருளையெங்கும் பரவச் சிறிது நேரம் பிடிக்கிறது. அமுக்கத்தின் முழு வேகமும், பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழே திரும்பும் தறுவாயில் அதன் தலைமேல் இறங்கவேண்டும். ஊஞ்சலை ஆட்டுபவர் இதனை நன்கு அறிவர். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது தள்ளினால் ஆட்டம் தடைப்படும். அது போனபின் தள்ளினால் கை வெறுமையில் வீசும். திரும்பும் கணமே தள்ளும் கணம். சுடர் பரவும் நேரத்தையும் கணக்கில் கொண்டு அந்தக் கணத்திற்குச் சற்று முன்னதாகவே பொறியை விழச்செய்கிறோம்.

எவ்வளவு முன்னதாக? இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். எம் 20 வண்டியில் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 94 மில்லிமீற்றர். அதில் உச்சிக்கு 7/16 அங்குலம் கீழே என்பது, சுழலும் அச்சின் கணக்கில் ஏறக்குறைய 36 பாகை. அதாவது ஒரு முழுச் சுற்றில் பத்திலொரு பங்கு. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 தடவை சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1/50 செக்கன். அதில் பத்திலொரு பங்கு 1/500 செக்கன். இதே எஞ்சின் நிமிடத்திற்கு 600 தடவையே சுழலுமாயின், அந்த 36 பாகையைக் கடக்க 1/100 செக்கன் செல்லும். சுடர் பரவ ஆகும் நேரமோ அந்த அளவுக்கு நீளுவதில்லை. ஆகவே விரைவில் ஓடும் எஞ்சினுக்கு ஏற்ற வேளை, மெல்ல ஓடும் எஞ்சினுக்கு மிக முந்திய வேளையாகிவிடுகிறது. வேகம் மாறமாறப் பொறி விழும் வேளையும் மாறவேண்டும் என்பதே இந்த வரலாற்றின் உயிர்முடிச்சு.

எரிவாயு எஞ்சினைத் தொழிலுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் பிரான்சில் வாழ்ந்த எத்தியன் லெனுவார். 1860ஆம் ஆண்டில் அவர் செய்த எஞ்சினில் மின்கலமும் மின்சுருளும் கொண்டு பொறி எழுப்பப்பட்டது. பொறி ஒழுங்காக விழாமையே அக்காலத்தாரின் பெருங்குறையாயிற்று. 1876இல் ஜேர்மனியில் நிக்கொலஸ் ஒற்றோ நான்கு வீச்சு எஞ்சினை நிலைநாட்டியபோது, மின்பொறியை நம்பாது, நகரும் வாயில் ஒன்றின் வழியே சுவாலையை உள்ளே காட்டும் முறையையே கையாண்டார். நிமிடத்திற்கு நூற்றைம்பது, இருநூறு சுற்றுகள் சுழன்ற அந்தக் கனத்த எஞ்சினுக்கு அது போதியதாயிருந்தது.

ஒற்றோவின் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் விலகியவர் கொற்லீப் டைம்லர். அவரும் அவருடைய தோழர் வில்ஹெல்ம் மேபாக்கும் கன்ஸ்டாட் நகரில், தோட்டத்து வீடொன்றைத் தொழிற்கூடமாக்கிக்கொண்டு விரைந்து சுழலும் சிற்றெஞ்சினை ஆக்க முயன்றனர். அதற்குத் தீ மூட்ட அவர்கள் கண்ட வழி, செந்தணலாகக் காய்ச்சிய குழாய். உருளையின் தலையில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, அதன் வெளிப்புறத்தை ஒரு விளக்கின் சுவாலையால் எந்நேரமும் பழுக்கக் காய்ச்சிவைப்பர். பிஸ்டன் மேலேறிக் கலவையை அமுக்க, அது குழாயினுள் நெருக்குண்டு புகுந்து பற்றிக்கொள்ளும். 1885ஆம் ஆண்டில் மரச்சட்டமும் இரு பெருஞ் சில்லுகளும், சாயாதிருக்கப் பக்கத்தில் இரு சிறு சில்லுகளும் கொண்ட வண்டியொன்றில் இத்தகைய எஞ்சினைப் பூட்டினர். அதன் கொள்ளளவு 264 கன சென்ரிமீற்றர். வலு அரைக் குதிரைவலு. சுழற்சி நிமிடத்திற்கு 600. மோட்டார்ச் சைக்கிளின் மூதாதை எனப் பலரும் போற்றும் வண்டி இதுவே. டைம்லரின் மகன் பவுல் அதனைக் கன்ஸ்டாட்டிலிருந்து உன்ரர்தூர்க்கைம் வரை ஓட்டிச் சென்றார். காய்ச்சிய குழாய் இருக்கைக்கு நேர் கீழே இருந்தமையால் வழியில் இருக்கை தீப்பற்றியதாகவும் சொல்லப்படுகிறது. அந்த மூல வண்டி 1903ஆம் ஆண்டு தொழிற்சாலைத் தீயில் அழிந்தது. இன்று அரும்பொருட்சாலைகளில் காணப்படுவன அதன் பிரதிகளே.

காய்ச்சிய குழாயின் குறை தீப்பற்றும் அபாயம் மட்டுமன்று. அதில் வேளையை மாற்றும் பிடி எதுவும் ஓட்டுநர் கையில் இல்லை. குழாயின் சூடும் கலவையின் அமுக்கமும் சேர்ந்து எப்பொழுது பற்றவைக்கின்றனவோ, அதுவே வேளை. காற்று வீசி விளக்கின் சுவாலை அலைந்தால் வேளையும் அலையும். 1894இல் மியூனிக் நகரில் ஹில்டபிராண்டும் வொல்ப்முல்லரும் விற்பனைக்கெனத் தொகையாகச் செய்த முதல் மோட்டார்ச் சைக்கிள் 1,489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு கொண்டது. ஆயினும் அதுவும் காய்ச்சிய குழாயையே நம்பியிருந்தது. இவ்வளவு பெரிய எஞ்சின் இரண்டரைக் குதிரைவலு அளவிலேயே நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வேளையை மனிதன் கைக்குள் கொண்டுவந்த பெருமை பிரான்சைச் சாரும். பாரிசில் டி டியோன் பிரபுவோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஜோர்ஜ் பூட்டோன், 1895இல் முச்சக்கர வண்டிக்கென ஒரு சிற்றெஞ்சினை வெளியிட்டார். மின்கலம், மின்சுருள், அவற்றோடு ஒரு தொடுமுனைக் கருவி என்பன அதில் அமைந்தன. சுழலும் சில்லொன்று தொடுமுனையைச் சேர்த்தும் பிரித்தும் பொறி விழும் கணத்தைத் தீர்மானிக்கும். அக்கருவியைச் சற்று முன்னும் பின்னும் திருப்பினால் பொறியும் முந்தியும் பிந்தியும் விழும். இதனால் எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்றுக்கு மேலும் எளிதாகச் சுழன்றது. அக்காலத்தில் பிற எஞ்சின்கள் 600, 700 சுற்றோடு நின்றன. உருளையைப் பெருப்பிக்காமலே வலுவைப் பெருக்கலாம் என்பதை உலகம் கண்டுகொண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார்ச் சைக்கிள் செய்யத் தொடங்கிய பலர் இந்த எஞ்சினை வாங்கினர், அல்லது பார்த்துச் செய்தனர்.

எனினும் மின்கலம் ஒரு தொல்லை. மேடுபள்ளமான வீதியில் அதன் அமிலம் சிந்தும். மின் தீர்ந்தால் நடுவழியில் நிற்கவேண்டும். மீண்டும் மின் ஏற்ற ஊர்களில் வசதியும் இல்லை. இதற்கு விடையாக வந்ததே மக்னீற்றோ. காந்தத்தின் முனைகளுக்கிடையே கம்பிச்சுருளைச் சுழற்றி, எஞ்சின் தன் பொறியைத் தானே பிறப்பித்துக்கொள்ளச் செய்யும் கருவி அது. ஸ்ருட்கார்ட் நகரில் 1886இல் சிறு தொழிற்கூடம் திறந்த ரொபேட் பொஷ், மறு ஆண்டிலேயே நிலையான எஞ்சின்களுக்கு மக்னீற்றோ செய்துகொடுத்தார். ஆனால் அது மெல்லச் சுழலும் எஞ்சின்களுக்கே ஏற்றது. 1897இல் பிரெட்றிக் சிம்ஸ் என்பார் டி டியோன் முச்சக்கர வண்டியொன்றைக் கொடுத்து, இதற்கும் மக்னீற்றோ பூட்டமுடியுமா எனக் கேட்டார். பொஷ்ஷின் தொழிற்கூட மேற்பார்வையாளர் ஆர்னோல்ட் சேரிங்கர், கனத்த சுருளை அசையாது நிறுத்தி, அதனைச் சூழ்ந்த இலேசான இரும்புறை ஒன்றை மட்டும் அசையச்செய்து அந்தச் சிக்கலை அவிழ்த்தார். 1902இல் அதே நிறுவனத்தின் கொற்லொப் ஹோனோல்ட் ஒரே சுருளில் இரு சுற்றுகளை அமைத்து, உயரழுத்த மின்னைப் பிறப்பித்து, பிளக்கின் இடைவெளியில் பொறி தாவச்செய்தார். மோட்டார்ச் சைக்கிளின் பொறி இதன்பின் அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் இவ்வழியிலேயே விழுந்தது.

மக்னீற்றோ தந்த சிறப்போடு ஒரு கட்டுப்பாடும் வந்தது. காந்தத்தின் நடுவே சுருள் ஒரு குறிப்பிட்ட நிலையைக் கடக்கும்போதே அதில் எழும் மின் வலிமை மிகும். அந்தக் கணத்தில் தொடுமுனைகள் பிரிந்தால் பொறி கொழுத்து விழும். சற்றுப் பிந்திப் பிரிந்தால் பொறி மெலியும். ஆகவே இங்கே இரண்டு வேளைகள் உள. ஒன்று மக்னீற்றோவினுள் சுருளுக்கும் தொடுமுனைக்கும் இடையிலானது; மற்றொன்று மக்னீற்றோவுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலானது. இரண்டும் இசைந்தாலன்றி எஞ்சின் இசையாது. பழைய வண்டியில் பின்னதைத் திருத்தத் தெரிந்தவர் பலர். முன்னதை நினைப்பவர் சிலரே.

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டபோது, இந்தச் சிறு கருவி அரசுகளின் கவலையாயிற்று. பிரித்தானியாவில் ஓடிய மோட்டார் வண்டிகளும், பறந்த விமானங்களும் பெரும்பாலும் ஜேர்மனியிலிருந்து வந்த பொஷ் மக்னீற்றோவையே பூண்டிருந்தன. வரவு ஒரே நாளில் நின்றது. பெர்மிங்ஹாமில் தொம்சன் பெனற் என்னும் சிறு நிறுவனம் மக்னீற்றோ செய்துவந்தது. அந்நாட்டிற் போர் தொடங்கிய ஆண்டில் செய்யப்பட்டவை ஆயிரத்தைச் சற்றே தாண்டின என்பர். காந்தத்திற்கு வேண்டிய உருக்கில் தங்குதன் சேரவேண்டும். அதனைப் பிரித்தெடுக்கும் தொழிலும் அன்று பெரும்பாலும் ஜேர்மனியர் கையிலேயே இருந்தது. தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியும், அதனைக் காக்கும் மின்காப்புப் பொருள்களும் அவ்வாறே. இருந்த பொஷ் கருவிகளைக் கழற்றிப் பார்த்துக் கற்றனர், அமெரிக்காவிலிருந்து வருவித்தனர், புதுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே 1914இல் ஜோசப் லூக்காஸ் நிறுவனம் தொம்சன் பெனற்றை வாங்கியது. அதன் தலைவர் பீற்றர் பெனற் பிற்காலத்தில் லூக்காஸ் நிறுவனத்திற்கே தலைமை தாங்கினார். 1918இல் பிரித்தானியாவின் ஆண்டு உற்பத்தி ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பீரங்கியும் கப்பலும் நிரம்பவுடைய ஒரு பேரரசு, கையில் அடங்கும் பொறிக்கருவியொன்று இல்லாமையால் தடுமாறியதென்பது சிந்திக்கத்தக்கது. எளியதென்று எண்ணி அயலாரிடம் விட்டுவிட்ட தொழில், இடர்க்காலத்தில் எவ்வளவு அரியதாகிவிடுகிறது!

போர்க்களத்தில் செய்தி கொண்டு சென்றவர்க்கு உற்ற துணையாக விளங்கிய ட்ரயம்ப் எச் வண்டி ஏறத்தாழ 30,000 எண்ணிக்கையில் நேசப் படைகளுக்குச் சென்றது. அத்தகைய வண்டியின் கைபிடியில் பிறைத்துண்டு போன்ற சிறு நெம்புகோல் ஒன்றிருந்தது. பொறியை முந்தவும் பிந்தவும் செய்வது அதுவே. எஞ்சினை உதைத்துக் கிளப்பும்போது அதனைப் பிந்திய நிலையில் வைக்கவேண்டும். வேகம் எழும்போது முந்திய நிலைக்குத் தள்ளவேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் திணறித் தட்டுமாயின் சற்றுப் பின்னிழுக்கவேண்டும். மறந்து முந்திய நிலையிலேயே உதைத்தவரை எஞ்சின் திருப்பி உதைக்கும். பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே தீ முழுதும் பரவி, அச்சைப் பின்னோக்கிச் சுழற்றிவிடுவதே அதற்குக் காரணம். கணுக்கால் பிசகியவரும், கார்களின் முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டு முறிந்தவரும் அந்நாளில் எண்ணிலர். இந்த ஒரு நெம்புகோலின் வாயிலாக ஓட்டுநர் தம் எஞ்சினோடு இடைவிடாது பேசிக்கொண்டிருந்தனர் என்றே சொல்லவேண்டும். பின்னாளில் இரு சிறு எடைகளும் விற்சுருள்களும் அவர் வேலையைத் தாமே செய்யக் கற்றன. வேகம் மிக மிக எடைகள் வெளியே விரிந்து பொறியை முந்தச்செய்தன. 1950களில் பல வண்டிகளின் கைபிடியிலிருந்து அந்நெம்புகோல் மறைந்தது.

ஏற்றத்தில் எஞ்சின் ஏன் தட்டுகிறது? இதனை ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் ஹரி றிக்காடோ. 1921ஆம் ஆண்டு ட்ரயம்ப் நிறுவனம் வெளியிட்ட நான்கு வால்வு எஞ்சின் அவர் வகுத்ததே. சுடர் உருளையின் ஓரத்திலிருந்து பரவி வரும்போது, இன்னும் எரியாத எஞ்சிய கலவை மேன்மேலும் அமுக்கப்பட்டுச் சூடேறி, சுடர் வந்து தொடுமுன்னரே தானாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியே உருளையின் சுவரில் சுத்தியலால் தட்டியது போன்ற ஓசையாக நம் காதில் விழுகிறது. பொறி முந்த முந்தத் தட்டலும் மிகும். தட்டலைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். மாறாக, பொறி மிகப் பிந்தினால் எரிதல் முடியுமுன்னரே வாயில் திறந்து, தீ புகைபோக்கிக் குழாயினுள் பாய்ந்து, அக்குழாயை நீலமாக்கி, வால்வையும் கருக்கும். முந்தினால் ஒரு கேடு. பிந்தினால் ஒரு கேடு.

தட்டலை அடக்க அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி 1921ஆம் ஆண்டின் இறுதியில் ஈயச் சேர்வை ஒன்றைக் கண்டார். 1923 முதல் அது பெற்றோலோடு கலந்து விற்கப்பட்டது. எஞ்சினுக்கு இதம் செய்த அப்பொருள் மனிதர்க்கு நஞ்சாயிற்று. 1924இல் நியூ ஜேர்சியிலுள்ள ஆலையொன்றில் அதனைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஆயினும் முக்காற் பங்கு நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அப்புகையைச் சுவாசித்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டோடு ஈயப் பெற்றோல் ஒழிந்தது. உலகில் இறுதியாக 2021இல் அல்ஜீரியாவில் அதன் விற்பனை நின்றது.

பி.எஸ்.ஏ. எம் 20 இந்த வரலாற்றின் நடுவில் நிற்கும் வண்டி. போர்க்காலத்தில் கிடைத்த பெற்றோல் தரம் தாழ்ந்தது. ஆகவே அதன் அமுக்க விகிதத்தை ஐந்துக்கு ஒன்று என்ற அளவை மிஞ்சாது தாழ்வாகவே வைத்தனர். வேகம் குறைவு; ஆனால் எந்த எண்ணெயையும் ஏற்று, எந்தப் பாலையிலும் ஓடும். 7/16 அங்குலம் என்ற அளவு இத்தகைய எஞ்சினுக்கும் இத்தகைய பெற்றோலுக்கும் ஏற்ப அமைந்தது.

எண்ணெயின் தரம் வேளையை ஆளும் என்பதை நம் நாட்டு மக்கள் துன்பத்தின் வாயிலாக அறிந்த காலமும் ஒன்றுண்டு. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்ட ஆண்டுகளில், பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றிக் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் இயல்புடையது. அதற்கு அமுக்கம் குறைந்த எஞ்சினும், பிந்திய பொறியும் வேண்டும். புதிய கார்கள் மடங்கிக் கிடக்க, காலங்கடந்தவை என ஒதுக்கப்பட்ட பழைய கார்கள் நோயாளரை ஏற்றிச் சென்றமைக்கு, அவற்றின் தாழ்ந்த அமுக்கமே பெருங்காரணம். அதற்கேற்ப எஞ்சினை இசைத்துக் கொடுத்த கைகளுக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்குண்டு.

இனி, மீட்டெடுத்த பழைய வண்டியில் இவ்வேளையை எவ்வாறு இசைப்பர் என்பதைச் சுருங்கக் கூறுவோம். முதலில் தொடுமுனைகளைத் தீட்டிச் சுத்தஞ்செய்து, அவை முழுதும் விரிந்த நிலையில் இடைவெளி சரியாக உள்ளதா எனப் பார்க்கவேண்டும். லூக்காஸ் மக்னீற்றோவில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. இடைவெளியைப் பின்னர் மாற்றினால் வேளையும் மாறிவிடுமாதலின் இதுவே முதற்பணி. அடுத்து, கைபிடி நெம்புகோலை முற்றும் முந்திய நிலையில் வைக்கவேண்டும். எந்தப் பக்கம் தள்ளினால் முந்தும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகையால் தொடுமுனைக் கருவியையே பார்த்து உறுதிசெய்தல் நலம்.

பின்னர், இரு வால்வுகளும் மூடியிருக்கும் அமுக்க வீச்சில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவரவேண்டும். பிஸ்டன்மேல் நிறுத்திய மெல்லிய கோலொன்றில் உச்சியைக் குறித்து, அதற்கு 7/16 அங்குலம் மேலே மற்றொரு குறியிடுவர். இரண்டாங் குறி முதற்குறி நின்ற இடத்திற்கு இறங்கும்வரை எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பவேண்டும். அவ்விடத்தையும் சற்றுக் கடந்தபின், முன்னோக்கி மெல்லத் திருப்பி அக்குறியிலேயே நிறுத்தவேண்டும். பற்சில்லுகளிடையே உள்ள தளர்வு இவ்வாறே நீங்கும். இப்பொழுது மக்னீற்றோவின் சில்லைத் தளர்த்தி, தொடுமுனைகளுக்கிடையே ஒரு சிகரெட் தாளைச் செருகி, மெல்ல இழுத்தவண்ணம் சுருளைத் திருப்பவேண்டும். தாள் எந்தக் கணத்தில் பிடி விட்டு வழுகுகிறதோ, அதுவே தொடுமுனைகள் பிரியும் கணம். அதுவே பொறி விழும் கணம். அந்நிலையில் சில்லை இறுக்கவேண்டும். சில்லு கூம்பிய முனைமேல் வெறும் இறுக்கத்தால் மட்டுமே நிற்பதாதலின், இறுக்கும்போதே சற்று நகர்ந்துவிடும். மக்னீற்றோ எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், அதில் நேரும் ஒரு பாகைப் பிழை எஞ்சினில் இரண்டு பாகையாகும். ஆகவே இறுக்கியபின் முழுவதையும் மீண்டும் ஒருமுறை சோதிப்பதே தேர்ந்தவர் வழக்கம்.

இவ்வளவும் செய்தும் எஞ்சின் சூடேறியதும் நின்றுபோவதுண்டு. அப்போது வேளையைக் குறைகூறுதல் தவறு. பழைய மக்னீற்றோவின் சுருள்கள் அரக்கினால் காக்கப்பட்டவை. இந்திய நாட்டு மரங்களில் சிறு பூச்சிகள் தரும் அதே அரக்குத்தான். ஆண்டு பல சென்றபின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதனை இளக்கிவிடும். எம்போன்ற வெப்பநாட்டில் இது விரைவில் நிகழும். சுருளைப் புதிதாகச் சுற்றி, இக்காலக் காப்புப் பூசுவதே அதற்குப் பரிகாரம். இன்றைய பெற்றோல் அக்காலப் பெற்றோலினும் தட்டலை நன்கு தாங்கும். எனினும் அதனை நம்பிப் பொறியை மேலும் முந்தச்செய்வதால் பழைய எஞ்சினுக்கு ஆதாயமில்லை. உருளையும் சுடர் பரவும் வழியும் மாறவில்லையன்றோ?

கோவை தந்த விஞ்ஞானத் தொழிலறிஞர் ஜி.டி. நாயுடு, இளமையில் அரும்பாடுபட்டு ரட்ஜ் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டியே எஞ்சினின் நுட்பங்களைக் கற்றார். பெரிய பள்ளிப்படிப்பில்லாத அவருக்கு அந்த வண்டியே கல்லூரியாயிற்று. பின்னர் பேருந்துச் சேவை நடத்திப் பல தொழில்களையும் நிறுவியதற்கு அக்கல்வி அடியிட்டது. பழைய மோட்டார்ச் சைக்கிள் இன்றும் அத்தகைய கல்லூரியாகலாம். இக்கால வண்டிகளில் பொறி விழும் வேளையை மின்னணுக் கருவி நொடிதோறும் கணித்துக்கொள்கிறது. ஓட்டுநர் அதனை அறிவதுமில்லை, அறியவேண்டுவதுமில்லை. வசதி பெருகியது உண்மை. ஆனால் கருவி பழுதானால் அதனைத் தூக்கியெறிந்து வேறொன்று வாங்குவதன்றி நாம் செய்யக்கூடியது சிறிதே.

பழைய வண்டியோ ஒரு கோல், ஒரு தாள், கூர்ந்த செவி ஆகிய இம்மூன்றும் உடையவனுக்குத் தன் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது. 1914இல் ஒரு பேரரசும், 1990களில் நம் மக்களும் கற்ற பாடம் ஒன்றே. பொருளை வாங்கி வைத்திருத்தல் வேறு. அதன் நுட்பத்தை அறிந்திருத்தல் வேறு. வாங்கும் வழி அடைபடும் நாளில் கைகொடுப்பது பின்னதே. ஆதலின் பழைய வண்டியை மீட்போர், தாம் கற்ற இவ்வித்தையை அயலிலுள்ள இளைஞர் ஒருவருக்கேனும் கற்பித்தல் வேண்டும். வண்டியை மீட்பதன் முழுப்பயனும் அப்போதே கைகூடும்.